தலைவர் ஹார்காட்டின் வாழ்வும் ஆவணங்களும்

கல்லூரித் தலைவர் ஹார்காட் இறந்த பதினோராம் நாள் காலையில் கல்லூரியின் குதிரை வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவருடைய மனைவி ஆல்மைரா காபி போடச் சொன்னாள். வந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். அதற்கு நான்கு நிமிடம் ஆனது. பிறகு கோட்டுகளைக் கழற்றி மாட்டிவிட்டுப் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

ஒஹையோவில் எங்கள் எல்ம்பரி ஒரு சின்ன ஊர். ஒரு கல்லூரி, இரண்டு தேவாலயங்கள், ஒரு மாவு மில், ஒரு தபால் நிலையம். அந்தத் தபால் நிலையத்தை நடத்தியவள் நான். யுத்தத்தில் கணவரை எடுத்துக்கொண்ட அரசாங்கம் பதிலுக்கு எனக்குக் கொடுத்த வேலை அது. ஊரில் யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பது உறையைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும். உள்ளே இருந்ததை இந்த விஷயத்தில் ஆல்மைராவே சொன்னாள். முப்பது வருஷ சிநேகிதி.

'தலைவர் ஹார்காட்டின் வாழ்வும் ஆவணங்களும்' என்று ஒரு பெரிய புத்தகம் போடுவதற்காகக் கல்லூரி அறங்காவலர்கள் ஒரு குழு அமைத்திருந்தார்கள். குழுவின் தலைவர் பாதிரியார் டாக்டர் அப்னர் லாத்ராப். ஹார்காட் காலமான அன்று மாலையே குழு கூடியது. இவ்வளவு சீக்கிரம் கல்லூரி எந்தக் காரியத்தையும் தொடங்கியதில்லை என்று ஊரில் பாராட்டினார்கள்.

பதினான்கு பெட்டிகள் போயின. முப்பத்தொரு வருஷத்துக் கடிதங்கள், பிரசங்கங்கள், டைரிகள், பழைய உறைகள், மை ஒற்றிய தாள்கள் எல்லாம். சமையலறை ஆணியில் குத்தியிருந்த சீட்டைக்கூட டாக்டர் லாத்ராப் இரண்டு விரலால் எடுத்து ஒரு உறைக்குள் வைத்தார்.

சமையல்காரி டெலியா அயர்லாந்துக்காரி. வாயைக் கட்டத் தெரியாது. "அது மளிகைச் சீட்டும்மா," என்றாள். "இனி நாளைக்கு உப்பு வாங்கணுமா, விளக்கெண்ணெய் வாங்கணுமான்னு வரலாற்றைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும் போல."

ஆல்மைரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஐம்பத்தொன்பதாம் வருஷத்து டைரியை மட்டும் விட்டுட்டுப் போறீங்களா?"

டாக்டர் லாத்ராப் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, உங்க துக்கம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா அவர் இனிமே உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. வருங்காலத்துக்குச் சொந்தம்."

"வருங்காலம் அதை எப்போ படிக்கும்?"

"குழு படிச்சு முடிச்சதும்."

அந்த டைரி ஒன்பதாம் பெட்டியில் போயிற்று.

ஏன் அந்த வருஷம் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஃபீபி என்று ஒரு மகள் இருந்தாள். 1859 பிப்ரவரியில் தொண்டை அடைப்பானில் இறந்தாள். வயது நான்கும் ஒரு மாதமும். அதற்கப்புறம் இருபத்தொன்பது வருஷம் ஹார்காட் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஆல்மைராவும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் இருவரும் கல்லூரியைப் பற்றிப் பேசுவார்கள். அவர் ஒவ்வொரு நாளும் டைரி எழுதுகிறவர். அதைப் பூட்டி வைப்பார். சாவி இருக்கும் இடம் ஆல்மைராவுக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தவரை அவள் அதைத் தொடவில்லை. இறந்த பிறகு பத்து நாள் தைரியம் வரவில்லை. பதினோராம் நாள் வண்டி வந்துவிட்டது.

ஏப்ரலில் அவள் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். நூலகர் எனோக் குவிம்பி நல்ல மனிதர். விதி எண்ணைச் சொல்லாமல் அவரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

"ஆவணங்களைப் படிக்க விண்ணப்பம் வேணும் அம்மணி. விதி ஆறு. பட்டதாரியா இருக்கணும். இல்லன்னா கல்லூரித் தலைவர் கிட்டேருந்து கடிதம் வேணும்."

"கல்லூரித் தலைவர்தானே செத்துப் போயிட்டார்."

"ஆமாம் அம்மணி. எங்களுக்கும் அதுதான் வருத்தம்."

"புதுத் தலைவர்?"

"இன்னும் போடல. போட்டாலும் பெண்களுக்கு வாசிப்பறையில அனுமதி இல்ல. விதி ஒன்பது. புதன்கிழமை ரெண்டு மணியிலேருந்து நாலு வரைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பாக்கலாம். கூட ஒரு ஆண் வரணும்."

"நான் அவர் மனைவி, மிஸ்டர் குவிம்பி. எங்க வீட்டுல எத்தனையோ தடவை நீங்க சாப்பிட்டிருக்கீங்க."

"எனக்குத் தெரியும் அம்மணி. ஆனா பதிவேட்டுக்குத் தெரியணுமே. கல்யாணச் சான்றிதழ் கொண்டு வந்தீங்கன்னா 'உறவினர்'னு ஒரு பிரிவு இருக்கு, அதுல போட்டுப் பாக்கலாம்."

கல்யாணச் சான்றிதழ் மூன்றாம் பெட்டியில் இருந்தது. மூன்றாம் பெட்டியைத் திறக்க உறவினர் என்று நிரூபிக்க வேண்டும். குவிம்பி இதை இரண்டு தடவை யோசித்துப் பார்த்தார். பிறகு நேர்மையான முகத்தோடு, "இது கஷ்டம்தான்," என்றார்.

அடுத்த புதன்கிழமை அவள் மில் கணக்குப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் போனாள். நானும் போனேன். வெல்வெட் துணிமேல் மளிகைச் சீட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. அடியில், 'இல்லறப் பொருளாதாரம் குறித்துத் தலைவரின் சிந்தனைகள்' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டு ஆல்மைராவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. 'தலைவர் ஹார்காட் கல்வியுலகை நோக்கிய கண்ணாடி.'

"இது என்னோடது," என்றாள் ஆல்மைரா. "இதைத்தான் ஒரு மாசமா தேடறேன்."

குவிம்பி குரலைத் தாழ்த்தினார். "அட்டவணையில ஏறிடுச்சு அம்மணி."

மே மாதம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. தலைவரின் குணநலன்கள் பற்றி அறுபத்து நான்கு கேள்விகள். நாங்கள் இருவரும் என் தபால் நிலையத்தில் உட்கார்ந்து பதில் எழுதினோம். பதினேழாம் கேள்வி: 'அவரிடம் மேன்மை முதன்முதலில் எந்த வயதில் வெளிப்பட்டது?' நாற்பதாம் கேள்வி: 'அவர் எப்போதாவது பொறுமை இழந்ததுண்டா? இல்லையெனில் இல்லை என்று எழுதுக.' ஆல்மைரா உள்ளதை எழுதினாள். இடி இடித்தால் அவருக்குப் பயம். பாட்டுப் பாடினால் சுருதி சேராது. ஒரு தடவை பூட்ஸைச் சுவரில் எறிந்திருக்கிறார். தனியாக இருக்கும்போது சில சமயம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏன் என்று கேட்டதில்லை.

பத்து நாளில் அது திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'சாட்சி மீண்டும் ஒருமுறை நினைவுகூர்ந்து அனுப்பவும்.'

"என்ன ஜெருஷா இது," என்றாள் ஆல்மைரா. "நான் தப்பா நினைவு வெச்சிருக்கேனா?" அவள் உண்மையாகவே கேட்டாள். இப்படியே ஓராண்டு போனால் தன் கணவரை அவளே அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போகும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஜூனில் பட்டமளிப்பு நாளன்று நினைவு விழா. முன்வரிசையில் ஆல்மைராவை உட்கார வைத்தார்கள். கறுப்பு உடையில் வெயிலில் அவளுக்கு வேர்த்தது. டாக்டர் லாத்ராப் ஒரு மணி இருபது நிமிடம் பேசினார். ஹார்காட் பதவிக்கு வந்தபோது கல்லூரியில் இருந்த செங்கல் எத்தனை, போனபோது இருந்த செங்கல் எத்தனை என்று சொன்னார். வியாழக்கிழமை ஆசிரியர் கூட்டத்தை முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை என்றார். அப்புறம் குரல் தழுதழுத்தது.

"இறைவன் அவருக்குக் குழந்தை கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? சொந்தப் பிள்ளை இருந்திருந்தால் நம் பிள்ளைகளுக்கு அவர் தகப்பனாக இருந்திருக்க முடியுமா? நானூற்றுப் பன்னிரண்டு பட்டதாரிகள். அவர்கள்தான் அவர் பெற்ற பிள்ளைகள்."

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆல்மைரா எழுந்து நின்றாள்.

"ஒருத்தி இருந்தா," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது, மேடைக்கும் கேட்டது. டாக்டர் லாத்ராப் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அவளைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்துவிட்டுச் செங்கல்லுக்குத் திரும்பினார். இரண்டு பேராசிரியர்கள் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போய் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்தது: 'உரையின் உச்சத்தில் திருமதி ஹார்காட் உணர்ச்சி மேலிட எழுந்து நின்று, பேச்சாளரின் கருத்தை ஆமோதித்தார்.'

அதற்கப்புறம்தான் அவள் மனு எழுதினாள். அதுவரை டைரியைப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. இப்போது ஃபீபி என்று ஒருத்தி இருந்தாள் என்று புத்தகத்தில் ஒரு வரி வர வேண்டும். ஒரே வரி. பெயரும் இரண்டு தேதிகளும்.

மனு போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு குழு அவளைக் கூப்பிட்டது. பெண் தனியாக வரக் கூடாது என்பதால் என்னையும் சேர்த்து இரண்டு பெண்களாக வரச் சொன்னார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். குவிம்பி ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்.

மேஜையின் நடுவில் இருந்தவர் தேவாலயத்து டீக்கன் ப்ளிஸ். கல்லூரிக்கு நிலம் கொடுத்தவர். எண்பத்து நான்கு வயது, காது மந்தம். மனுவை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஹார்காட் எந்த வருஷத்து மாணவன்?" என்றார்.

"மாணவன் இல்லைங்க. தலைவரோட பொண்ணு," என்றார் லாத்ராப் காதருகே. "நாலு வயசு."

"அப்போ ஆயத்த வகுப்பா?"

ஆல்மைராதான் சொன்னாள். "வகுப்புல சேர்க்கல ஐயா. வீட்டுல ஏ, பி, சி சொல்லிக் கொடுத்தேன். 'கே' வரைக்கும் வந்திருந்தா."

"பாதிகூட ஆகலையே," என்றார் டீக்கன் ப்ளிஸ் வருத்தத்துடன்.

டாக்டர் லாத்ராப் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். நல்ல மனிதராகத் தெரிய வேண்டும் என்று அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"அம்மணி, நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குழந்தை பிறந்ததைப் போட்டா, இறந்ததைப் போடணும். இறந்ததைப் போட்டா, தலைவர் வருத்தப்பட்டார்னு போடணும். அவர் வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தார்னா, அப்போ கல்லூரியை யார் நடத்தினாங்கன்னு படிக்கிறவன் கேப்பானா மாட்டானா? ஐம்பத்தொன்பதுலதான் மணிக்கூண்டு கட்டினோம். அந்த அத்தியாயத்துக்குப் பேரே 'எழுச்சி'. அதுல போய் ஒரு சாவை எங்கே வைக்கிறது? நீங்களே ஒரு இடம் சொல்லுங்க, வெச்சுடறேன்."

"வருத்தப்பட்டார்னு எழுத வேண்டாம் டாக்டர்," என்றாள் ஆல்மைரா. "பட்டாரான்னு எனக்கே தெரியாது. என்கிட்ட அவர் ஒண்ணும் சொன்னதில்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் டைரியைக் கேக்கறேன்."

குவிம்பியின் பேனா நின்றது. லாத்ராப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டைரியில அப்படி எதுவும் இல்ல அம்மணி. நானே படிச்சேன். மணிக்கூண்டு பத்தித்தான் இருக்கு. நீங்க நிம்மதியா போங்க."

தீர்மானத்தின் நகல் அவள் பெயருக்குத் தபாலில் வந்தது, நான் அவளிடம் கொடுத்தேன். 'மேற்படி குழந்தை பற்றிய விஷயம், இரண்டாம் தொகுதி கொண்டுவருவது பற்றிப் பரிசீலிக்கும்போது பரிசீலிக்கப்படும்.' இரண்டாம் தொகுதி என்று ஒன்று அவர்கள் திட்டத்தில் இல்லை.

வீடு கல்லூரிக்குச் சொந்தமானது. புதுத் தலைவர் வந்ததும் ஆல்மைரா, டெலியாவுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, மில்லுக்குப் பின்னால் இரண்டு அறையுள்ள ஒரு வீட்டுக்குப் போனாள். டைரியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். ஒரு தடவை மட்டும், துணி தைத்துக்கொண்டே சொன்னாள்: "மணிக்கூண்டுதானாம் ஜெருஷா. இருக்கலாம். அவருக்கு அந்தக் கூண்டு மேல ரொம்பப் பிரியம்." ஊசியில் நூல் கோக்க அவளுக்கு அன்று வெகுநேரம் ஆனது.

1890 அக்டோபரில் புத்தகம் வந்தது. அறுநூற்று நாற்பது பக்கம், தங்க எழுத்து. ஆல்மைராவுக்கு ஒரு பிரதி இலவசமாக அனுப்பினார்கள். அவள் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று கல்யாணத்தில். இன்னொன்று 211ஆம் பக்கத்தில், அறங்காவலர்களுக்கு விருந்து கொடுத்ததில். 'எழுச்சி' அத்தியாயத்தில் மணிக்கூண்டின் உயரம் அடிக்கணக்கிலும் அங்குலக் கணக்கிலும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து நூலக முத்திரையோடு ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பதிவுத் தபால் ஆனதால் அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். பகல் இரண்டரை மணிக்கு வந்தாள். ஜன்னல் பலகை அருகிலேயே நின்று பிரித்தாள். மேலே குவிம்பியின் குண்டு எழுத்தில் ஒரு கடிதம்.

'அம்மணி, நூல் வெளிவந்துவிட்டமையால் ஆவணங்கள் இறுதியாகத் தரம் பிரிக்கப்பட்டன. வரலாற்று மதிப்பு அற்றவை எனக் குழுத் தலைவர் டாக்டர் லாத்ராப் அவர்களால் குறிக்கப்பட்டு, தொகுப்பிலிருந்து வெட்டி நீக்கப்பட்ட தாள்கள் நான்கு இத்துடன் உள்ளன. அவற்றை அழித்துவிடும்படி எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எனினும் விதி இருபத்திரண்டின்படி மதிப்பற்ற தாள்கள் குடும்பத்தாரிடம் திருப்பித் தரப்பட வேண்டும். விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் இட்டு அனுப்பவும்.'

நான்கு தாள்களும் 1859ஆம் வருஷத்து டைரியில் கத்தியால் ஓரம் வெட்டி எடுத்தவை. அவள் படித்தாள். படித்து முடித்த தாளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள். நானும் படித்தேன்.

'பிப்ரவரி 17, வியாழன். காலை பதினொன்றே கால். ஃபீபி.'

அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான்.

'பிப்ரவரி 24, வியாழன். கூட்டத்துக்குப் போகவில்லை. அவளிடம் போனேன். கல்லறைமேல் இருந்த பனியைக் கையால் தள்ளினேன். லாத்ராப் என் பெயரை வந்தவர் பட்டியலில் எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் இல்லாத கூட்டம் செல்லாது என்பதால்.'

'மார்ச் 3. கூட்டத்துக்குப் போகவில்லை.' 'மார்ச் 10. போகவில்லை.' மார்ச் முழுவதும், ஏப்ரல் முழுவதும் வியாழக்கிழமைகள் அப்படித்தான் இருந்தன. அந்தக் காலத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவர் ஓர் இளம் ஆசிரியர், அப்னர் லாத்ராப். இத்தனை வருஷம் கழித்துத் தலைவர் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று மேடையில் அவர் சொன்னபோது, அதற்கு எழுத்து மூலமான ஆதாரம் அவரிடம் இருந்தது.

கடைசித் தாள் ஏப்ரல் 28.

'இன்றைக்கு ஆல்மைராவிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் பெயரைச் சொல்வதில்லை. தாங்க முடியாததால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நான் ஆரம்பித்தால் அவளால் நின்றுகொண்டிருக்க முடியாது. மழை வரும் போலிருக்கிறது என்றேன்.'

ஆல்மைரா அந்தத் தாளை என் பக்கம் தள்ளவில்லை. நான் தலைகீழாகத்தான் படித்தேன். அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "மழை வரும் போல இருக்குன்னார். வானம் பளிச்சுன்னு இருந்தது. 'அப்போ துணியை எடுத்துடணும்'னேன். பெரிய விரிப்பு ஒண்ணு காயப் போட்டிருந்தேன். அவர் அதோட ஒரு முனையைப் பிடிச்சார். அதுவரைக்கும் அவர் ஒரு வேலையும் வீட்டுல தொட்டதில்ல. நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மடிச்சு மடிச்சுக் கிட்டக்க வந்தோம். கையில கை பட்டுது. அப்புறம் அவர் உள்ளே போயிட்டார்."

பிறகு பேனா கேட்டாள். ஒப்பச் சீட்டில், 'மேற்படி மதிப்பற்ற தாள்கள் நான்கையும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. மை பரவாமல் நான் ஒற்றி எடுத்தேன்.

வெளியே மில்காரர்கள் இரண்டு பேர் தபால்தலை வாங்க வந்து காத்திருந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. அரசாங்க விதிப்படி ஐந்து வரை திறந்திருக்க வேண்டும்.